சுவிட்சர்லாந்துக்கு ஒத்திகை

நல்லசாமியின் வீட்டு மாடி அறையில் தங்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "விச் கண்ட்ரி?" பேர் என்ன, சைவமா அசைவமா என்பதெல்லாம் பிறகு. அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் வாடகை.

விலைவாசி குறைந்த நாடு என்றால் முழு வாடகை, குளிக்கிற வெந்நீருக்குத் தனி. நடுத்தரமான நாடு என்றால் வெந்நீர் இலவசம். பணக்கார நாடு என்றால் பாதி வாடகை. "சுவிட்சர்லாந்து" என்று மட்டும் ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் நல்லசாமி மங்கி குல்லாவைக் கழற்றுவார். நெஞ்சில் கை வைப்பார். "நோ மணி. யூ மை ஃப்ரெண்ட்" என்பார். அன்று ராத்திரி நாட்டுக்கோழிக் குழம்பு. கோழியைத் துரத்திப் பிடிப்பது, அறுப்பது, மசாலா அரைப்பது, குழம்பு வைத்து மாடிக்குக் கொண்டுபோய்ப் பரிமாறுவது எல்லாம் அவருடைய மனைவி பாண்டிச்செல்வி. ஃப்ரெண்ட் என்று சொல்வது மட்டும் நல்லசாமி.

இது தர்மம் இல்லை, முதலீடு. அந்த நாட்டில் ஒரு டீ குடிக்கிற காசுக்குக் கொடைக்கானலில் ஒரு குடும்பமே உட்கார்ந்து புரோட்டா சாப்பிடலாம் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். லாட்ஜில் தங்குவதென்றால் பூண்டு விளைகிற காட்டை விற்றுவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் ஊருக்கு ஊர் ஒரு நண்பர் இருந்துவிட்டால்? அந்த நாட்டின் ஒரு மூலையில் இறங்கி, நண்பர் வீடு நண்பர் வீடாகப் படுத்து எழுந்து, மறு மூலை வழியாக வெளியே வந்துவிடலாம். டீக்குக்கூடக் கைக்காசு தேவைப்படாது. மாடி அறைச் சுவரில் அந்த நாட்டு மேப்பை ஒட்டி, நண்பர் இருக்கிற ஊரிலெல்லாம் பாண்டிச்செல்வியின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருந்தார். வருஷங்கள் போகப் போக மேப்புக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

சுவிட்சர்லாந்து ஏன் என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இளவட்டத்தில் அவர் கொடைக்கானலில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டினார். கீழ்நாட்டிலிருந்து வந்து ஏறுகிறவர்கள், பூம்பாறைப் பக்கம் திரும்பியதும், மலையில் படிப்படியாக இறங்குகிற விவசாயக் காடுகளைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள். "அப்படியே சுவிட்சர்லாந்து மாதிரி இருக்கு." சொன்னவர்களில் ஒருத்தரும் அங்கே போனதில்லை. பிறகு பூண்டுக்காட்டைப் பார்க்க ஆளில்லை என்று ஜீப்பை விற்றுவிட்டுத் தன் ஊரான நத்தப்பள்ளத்துக்கே வந்துவிட்டார். அங்கேயும் வேலியோரம் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கிறவர்கள் அதையேதான் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து ஒரு நகலுக்குள்ளேயே குடியிருக்கிறோம் என்ற நினைப்பு அவருக்குள் மெல்ல மெல்ல இறங்கிவிட்டது. கண் மூடுவதற்குள் அசலை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். இது வெளியே சொல்லக் கூச்சமான ஆசை. ஆனால் நிஜமான ஆசை.

வெள்ளனே எழுந்து காட்டுக்குப் போவார். பள்ளத்திலிருந்து பனிமூட்டமாய் மஞ்சு ஏறிவந்து கேரட் பாத்திகளை ஒவ்வொன்றாக மூடும். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே நிற்பார். அந்த வெள்ளைக்குள் ஒரு சிவப்பு ரயில் சத்தமே இல்லாமல் வளைந்து போகும். கழுத்தில் மணி கட்டின மாடுகள் மேயும். தூரத்தில் ஒரு மரவீட்டு ஜன்னல் திறக்கும். யாரோ கை காட்டி, நல்லசாமி, உள்ளே வா, பால் காய்ச்சி வைத்திருக்கிறோம் என்பார்கள். அவர் ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் மஞ்சு விலகிவிடும். பாத்தி தெரியும். பக்கத்து வீட்டு மட்டக்குதிரை அவருடைய கேரட்டைத் தின்றுகொண்டிருப்பது தெரியும்.

போன ஐப்பசியில் ரூத்தம்மாவின் போன் வந்தது. ரூத்தம்மா சுவிட்சர்லாந்தில் ரிட்டயர் ஆன டீச்சர். பறவை பார்க்க நத்தப்பள்ளத்துக்கு மூன்று தரம் வந்தவர். காலையில் பறவை பார்ப்பார், மிச்ச நேரமெல்லாம் அடுப்பங்கரையில் பாண்டிச்செல்வியோடு உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் கிடையாது, ஆனாலும் பேச்சு ஓயாது. அவர் சொன்ன செய்தி இதுதான். வரும் மாசி நடுவில் வீட்டுக்கு வாருங்கள், மற்ற நண்பர்களிடமும் சொல்லிவிட்டேன், எல்லோரும் அந்த இரண்டு வாரம் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கோடையில் நான் இந்த வீட்டை விட்டுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகிறேன். அங்கே விருந்தாளி படுக்க இடம் இருக்காது. வந்தால் இப்போதுதான்.

அழைப்பு நல்லசாமி, பாண்டிச்செல்வி என்று இரண்டு பேருக்கும் வந்தது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ரம்யா, அழைப்பில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேருக்கும்தான் விசா கேட்க வேண்டும், இல்லையென்றால் சந்தேகப்படுவார்கள் என்று சொல்லிவிட்டாள். நல்லசாமிக்கு இரட்டைச் செலவு கசந்தது. ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி அவளும் பேருக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இரண்டு பேருக்கும் விசா வந்தது.

டிக்கெட்டை மட்டும் எடுக்கவில்லை. விலை இறங்கும் என்றார். பூண்டு விலை தெரிந்தவனுக்கு எந்த விலையும் தெரியும் என்பது அவர் கட்சி. தினம் சாயங்காலம் ரம்யாவைக் கூப்பிட்டு நிலவரம் கேட்பார். "இன்னைக்கு எவ்வளவு? ஆகாது, ஆகாது. இன்னும் எறங்கட்டும்" என்று வைத்துவிடுவார்.

பாண்டிச்செல்வி தன் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலை நிமிராமலே கேட்டாள்.

"அப்ப நானும் வரட்டுமாங்க?"

நல்லசாமி இதை எதிர்பார்த்திருந்தார். மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருந்தார்.

முதல் காரணம், புகை. நத்தப்பள்ளத்தில் அடுத்த போகத்துக்கு வேண்டிய விதைப்பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். கீழே அடுப்பு எரியக் கூடாது, அணையவும் கூடாது. புகைந்துகொண்டே இருக்க வேண்டும். புகை நின்றால் பூண்டு பூசணம் பிடித்துவிடும். அதனால் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் போக முடியாது.

இரண்டாவது, காப்பு. மாசி முதல் வெள்ளிக்கிழமை எல்லையம்மனுக்குக் காப்புக் கட்டு. வீட்டுக்கு ஒருத்தர், அந்த வீட்டு அடுப்பைக் காக்கிற கை எதுவோ அந்தக் கைக்குக் காப்பு. கட்டினவர்கள் மாசிக் கடைசியில் திருவிழா முடிந்து அம்மன் தேர் நிலைக்கு வருகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து பாண்டிச்செல்வி கைக்குத்தான் காப்பு. ஒரு மாசியில்கூட அவள் எல்லைக்கல்லைத் தாண்டினதில்லை.

"மூணாவது, அங்க என்ன இருக்குங்கிற? எல்லாம் நம்மூரு மாதிரிதான் செல்வி. மலை, பனி, மாடு. நீ பாத்ததுதான்."

"அப்ப நீங்க எதுக்குப் போறீங்க?"

"நான் ஆம்பள. நாலு எடம் பாக்கணும்ல."

"சரிங்க" என்றாள் பாண்டிச்செல்வி.

இந்த இடத்தில் நல்லசாமி கொஞ்சம் நிதானித்திருக்கலாம். அவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அந்த "சரிங்க"வை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். அவரை ஜீப்பை விற்க வைத்தபோதும் முதலில் அதைத்தான் சொன்னாள், மாடி அறை யோசனையை அவர் வாயாலேயே வரவழைத்தபோதும் அதைத்தான் சொன்னாள். ஆனால் அவர் மனசு அப்போது சிவப்பு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது.

நாலைந்து நாள் போனது. மார்கழிப் பனி புல்லில் உப்பாய்ப் படிந்து கிடந்த ஒரு காலை. பாண்டிச்செல்வி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டுக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரூத்தம்மா வீட்டுல நீங்க என்ன சமைப்பீங்க?"

"நான் எதுக்குச் சமைக்கணும்? நான் விருந்தாளில்ல?"

"அங்க அப்படி இல்லையாம்ங்க. வேலைக்காரங்களே கெடையாதாம். காசு குடுத்துத் தங்குனா கால் மேல கால் போட்டுக்கலாம். சும்மா தங்குறவங்க ஒருவேளை சமைச்சுப் போடணுமாம். தின்ன தட்டக் கழுவணும், படுத்த எடத்தக் கூட்டணும். ரூத்தம்மாதான் சொல்லிச்சு."

"எப்பச் சொன்னாங்க?"

"இங்கனதான். நீங்க மாடியில மேப்புக்குப் பொட்டு வச்சுக்கிட்டு இருந்தீங்க."

நல்லசாமி யோசித்தார். "செய்யலேன்னா என்ன சொல்லுவாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம். ரொம்ப மரியாதக்காரங்க. அடுத்த வீட்டுக்குப் போனப் போட்டு விசயத்த மட்டும் சொல்லிருவாங்களாம்."

நல்லசாமிக்கு மேப்பு கண்முன் வந்தது. ஒரு பொட்டு உதிர்ந்தால் அடுத்த பொட்டு, அதற்கடுத்த பொட்டு என்று வரிசையாக எல்லாம் உதிர்வது தெரிந்தது. கடைசியில் பெட்டியும் கையுமாகப் பனியில் ஒரு லாட்ஜ் வாசலில் நிற்கிறார், உள்ளே வாடகைப் பலகை தொங்குகிறது.

அன்றைக்கே ஒத்திகை ஆரம்பமானது. முதலில் ரசம். அவர் வைத்த முதல் ரசத்தை மாட்டுத் தொட்டியில் ஊற்றினார்கள், மாடு அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தது. பாண்டிச்செல்வி திட்டவில்லை. ரூத்தம்மா நல்ல மனுஷி, ஏதோ மருந்து என்று நினைத்துக் குடித்துவிடுவார் என்று ஆறுதல் சொன்னாள். அப்புறம் சோறு வடிக்கக் கற்றார், புளி கரைக்கக் கற்றார். பூண்டுக்குழம்பு ஏழெட்டுத் தரம் கருகி, ஒரு நாள் திடீரென்று கை வந்தது. அன்று அவர் கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தரம் நக்கிப் பார்த்தார். சொல்லப்போனால் கண் கலங்கிவிட்டது.

சமையலோடு முடியவில்லை. அந்த நாட்டு வீடுகளில் குளிர்காயக் கணப்பு இருக்கும், ராத்திரி முழுக்க அது அணையாமல் பார்ப்பது விருந்தாளியின் சோலி என்று பாண்டிச்செல்விக்கு இன்னொரு தகவலும் ரூத்தம்மா மூலம் கிடைத்திருந்தது. அதைப் பழக இந்த வீட்டில் ஒரே வழிதான் உண்டு. விதைப்பூண்டு அடுப்பு. எரியவும் விடாமல் அணையவும் விடாமல் பாதி காய்ந்த விறகை எப்படித் தள்ளுவது, எப்போது உமி தூவுவது, எந்தப் புகை நல்லது, எந்தப் புகை பூண்டைக் கசக்க வைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். தை பிறந்தபோது நல்லசாமி தூக்கத்திலேயே எழுந்து விறகைத் தள்ளிவிட்டுத் தூக்கம் கலையாமல் வந்து படுத்துக்கொள்ளும் அளவுக்குத் தேறியிருந்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அடுப்புக்கு முன்னால் மணையில் உட்கார்ந்தால் புகை மெல்ல எழுந்து பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே நுழைந்து பரணில் பரவும். வெளியே மஞ்சு, உள்ளே புகை. எது எங்கே முடிகிறது என்று தெரியாது. அந்தப் புகைக்குள் மலைகள் எழும், ரயில் வரும். ஆனால் முன்பு மாதிரி அவர் வெறும் விருந்தாளியாக ஜன்னலுக்குக் கீழே நிற்பதில்லை. இப்போது உள்ளே இருந்தார். மரவீட்டில், கணப்புக்கு முன்னால், பூண்டுக்குழம்புச் சட்டியோடு. சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டார்கள். அவர் நிறைந்த மனசோடு ஊற்றினார்.

டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். நல்லசாமி அசரவில்லை. "நீங்க எல்லையைத் தாண்டாத ஆளுக. அங்கெல்லாம் ஆம்பளதான் அடுப்பு. இப்ப எங்க வீட்டு அடுப்பு முழுக்க எங் கையில" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பக்கத்து வீட்டுக் கண்மணி இதைக் கேட்டுவிட்டுத் தன் புருஷனை ஒரு மாதிரி பார்த்தாள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பாண்டிச்செல்விக்கு இப்போது பொழுது கிடைத்தது. சாயங்காலங்களில் வாசல் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து, காதில் வயரை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தாள். உதடு எதையோ திரும்பத் திரும்பச் சொல்லும். சீரியலில் அழுகிறவர்களுக்குத் துணையாக இவளும் பேசுகிறாள் என்று நல்லசாமி நினைத்துக்கொண்டார். மிச்ச நேரத்தில் ஊசியும் நூலுமாக இருந்தாள். ரூத்தம்மா ஒரு தரம் விட்டுவிட்டுப் போன தடிமனான நீலக் கோட்டு ஒன்று வீட்டில் இருந்தது. அதைத்தான் நல்லசாமி போட்டுக்கொண்டு போவதாக ஏற்பாடு. கிழிந்த உள்துணியைத் தைத்துத் தருகிறேன் என்று எடுத்தவள் நாலு நாள் வைத்துத் தைத்தாள். போட்டுப் பார்த்தபோது தோளில் பிடித்தது, பொத்தான் எட்டவில்லை.

"முந்தி சரியா இருந்துச்சே" என்றார்.

"நீங்க வைக்கிற குழம்பு அப்படி. சாப்புட்டுச் சாப்புட்டு ஊதிப் போனீங்க."

நல்லசாமிக்கு அந்தப் பதில் கோட்டைவிடப் பொருத்தமாக இருந்தது. வயிற்றைத் தடவிக்கொண்டே, போவதற்குள் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்றார்.

மாசி முதல் வெள்ளி வந்தது. விடிகிற நேரம். நல்லசாமி விறகைத் தள்ளிவிட்டு, உமி தூவி, உலையும் வைத்துவிட்டு, அரிசி களைந்துகொண்டிருந்தார். தெருக்கோடியில் உறுமிச் சத்தம் கேட்டது. பூசாரி திருமலைச்சாமி வீடு வீடாகக் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார். கையில் மஞ்சள் தடவின நூல், பின்னால் மேளம், அதற்குப் பின்னால் கண்மணியும் தெருப் பெண்களும். ஒவ்வொரு வாசலிலும் வழக்கமான கேள்வியைக் கேட்பார். "இந்த வீட்டு அடுப்பு யாரு கையில?" அந்த வீட்டுப் பெண் முன்னே வந்து வலது கையை நீட்டுவாள். கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி யார் காதிலும் விழுவதே இல்லை.

நல்லசாமி வீட்டு வாசலில் பாண்டிச்செல்வி தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி நின்றாள். பூசாரி கேட்டார்.

"இந்த வீட்டு அடுப்பு யாரு கையில?"

பாண்டிச்செல்வி கையை நீட்டவில்லை. கொஞ்சம் ஒதுங்கி உள்ளே பார்த்தாள். "ஏங்க, ஒங்களத்தான் கேக்குறாங்க."

உள்ளே இருந்து நல்லசாமி கரண்டியோடு வந்தார். கண்ணெல்லாம் புகைச் சிவப்பு. முழங்கை வரைக்கும் கரி. பூசாரி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பாண்டிச்செல்வியின் கையைப் பார்த்தார். அதில் வளையல் மட்டும் இருந்தது. அவர் நல்லசாமியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எனக்கில்ல சாமி, அவளுக்கு. வருசா வருசம் அவதான."

"வருசா வருசம் அவ கையில கரி இருந்துச்சு" என்றார் திருமலைச்சாமி.

"அண்ணன்தாங்க ரெண்டு மாசமா அடுப்பு" என்றாள் கண்மணி. "டீக்கடையிலயே அவர் வாயால சொன்னாரு. ஊரே கேட்டுச்சு."

நல்லசாமி மனைவியைப் பார்த்தார். இப்போது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். பாண்டிச்செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமி காரியம். நான் பொய் சொல்லலாமாங்க?"

நூல் சுற்றியாகிவிட்டது. மேளம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. நல்லசாமி வாசலில் நின்று தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கரிக்கு மேலே மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ரம்யா.

"அப்பா, டிக்கெட்டு வெல எறங்கிருச்சுப்பா. நீங்க சொன்னது சரிதான். இன்னைக்கு ஒரு நாள்தான். யாரு பேருக்குப் போட?"

அவள் எப்படி அந்த நேரத்தில் அவ்வளவு சரியாகக் கூப்பிட்டாள் என்று நல்லசாமி இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார். அப்போது யோசிக்கத் தெம்பில்லை. கொஞ்சம் பொறு என்று வைத்துவிட்டு நடந்தார். ஊர் எல்லைக்கல் பஸ் திரும்புகிற இடத்தில் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் கொடைக்கானல் ரோடு. மஞ்சு அடர்ந்து கல்லுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. எது வேண்டுமானாலும் இருக்கலாம் போலிருந்தது. சிவப்பு ரயில் மிகப் பக்கத்தில் வந்து நின்றது. கதவுகூடத் திறந்தது. அவர் ஒரு காலைத் தூக்கினார்.

காப்போடு பீடி வாங்க எல்லை தாண்டிய ஒருவனுடைய விதைப்பூண்டு முழுக்க அழுகிப்போன கதை அந்த ஊரில் உண்டு. அதை நல்லசாமியே எத்தனையோ விருந்தாளிகளிடம், கூடக் கொஞ்சம் சேர்த்து, கைகால் ஆட்டிச் சொல்லியிருக்கிறார். வேறு யார் சொன்னாலும் நம்பாமல் இருந்திருப்பார். தூக்கின காலை அதே இடத்தில் வைத்தார். ரயில் போய்விட்டது.

திரும்பி நடக்கும்போதுதான் இன்னொரு வலி வந்தது. ரூத்தம்மா வீட்டில் விரித்து வைத்த படுக்கை வீண். மற்ற வீடுகளில் காத்திருக்கிற படுக்கைகளும் வீண். விசா வீண். வாங்காமல் விட்ட வாடகையெல்லாம், அறுத்த கோழியெல்லாம் வீண். கடைசியாக ஒரு நாள் விலையும் இறங்கி நிற்கிறது, அதுவும் வீண். ஆசை போனதைக்கூட அவர் எப்படியோ தாங்கிக்கொள்வார். ஓசி வீணாவதை அவரால் தாங்க முடியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னார்.

"செல்வி, நீ போயிட்டு வா."

பாண்டிச்செல்வி திகைத்தாள். அப்படித்தான் தெரிந்தது. "நானா? அடுப்பு என்னாகுறது?"

"நான் பாத்துக்கிறேன்."

"பொகை நின்னுட்டா?"

"நான் இருக்கையில எப்படி நிக்கும்?"

"மாடு கன்னுக்கு?"

"அதுக்கும் நான் இருக்கேன்."

"மாடிக்கு விருந்தாளி வந்தா?"

"கோழி அறுத்துக் கொழம்பு வச்சுப் போடுறேன்." இதைச் சொல்லும்போது அவர் குரல் லேசாக உடைந்தது. "வெரசாச் சொல்லு. வெல ஏறிரப் போகுது."

பாண்டிச்செல்வி வெகுநேரம் யோசிப்பதுபோல் பரணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நீங்கள் இவ்வளவு தூரம் வற்புறுத்துவதால் போகிறேன் என்று ஒத்துக்கொண்டாள். அந்த நிம்மதியில் நல்லசாமி அவளுக்கு நன்றிகூடச் சொன்னார்.

அவள் புறப்பட்ட காலையில் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். தோள் கச்சிதம். கை கச்சிதம். பொத்தான்கள் வரிசையாக, சிரமமே இல்லாமல் விழுந்தன. நல்லசாமி அதைப் பார்த்தார். ஏதோ ஒன்று மனசின் ஓரத்தில் அசைந்தது. அதைப் பிடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கல் வரை போனார். பெட்டிக்குள் அவர் கையால் வைத்த பூண்டுத் தொக்கு இருந்தது, வீட்டுக்கு ஒரு பாட்டில். கல்லுக்கு அந்தப் பக்கம் கண்டக்டர் பெட்டியை வாங்கிக்கொண்டார். பஸ்ஸின் சிவப்பு விளக்கு மஞ்சுக்குள் சின்னதாகி, மங்கலாகி, இல்லாமல் போனது.

நாலாம் நாள் சாயங்காலம் நல்லசாமி அடுப்புக்கு முன்னால் மணையில் உட்கார்ந்திருந்தார். வெளியே மஞ்சு கதவு வரை வந்து நின்றது. உள்ளே புகை நல்ல பக்குவத்தில் ஏறிக்கொண்டிருந்தது. போனில் வீடியோ அழைப்பு வந்தது.

திரையில் முதலில் வெறும் வெள்ளை. அப்புறம் நீலக் கோட்டு. அப்புறம் பாண்டிச்செல்வியின் முகம், அவர் இதற்கு முன் பார்த்திராத ஒரு முகம், குளிரில் சிவந்து, கண் விரிந்து. அவள் பின்னால் மலை நின்றது. அந்த மலைக்குப் பின்னால் இன்னொரு மலை. எல்லாவற்றின் மேலும் பனி. கீழே எங்கோ ஒரு சிவப்புக் கோடு வளைந்து போய்க்கொண்டிருந்தது. நல்லசாமி போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக அவர் மஞ்சுக்குள் பார்த்த அதே ரயில். கண்ணில் நீர் வழிந்தது. புகை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ரூத்தம்மா திரைக்குள் தலையை நீட்டினார். அவரிடம் பாண்டிச்செல்வி என்னவோ அவர்கள் பாஷையில் சொன்னாள். அன்று வாசலில் அவள் போனில் பார்த்தது சீரியலே இல்லை போலிருக்கிறது என்று நல்லசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. அடக்க முடியாமல் தன் இங்கிலீஷில் கேட்டார். என் மனைவி அங்கே சமையல் செய்கிறாளா, பாத்திரம் கழுவுகிறாளா, ராத்திரி கணப்பைப் பார்க்கிறாளா என்று. ரூத்தம்மா முழித்தார். பிறகு சிரித்தார். எங்கள் வீட்டில் ஹீட்டர்தான், கணப்பே கிடையாது, விருந்தாளியை யாராவது வேலை செய்ய விடுவார்களா, இவள் காலைக் கீழே ஊன்றவே நாங்கள் விடுவதில்லை என்றார். ஆனால் அந்தத் தொக்கு அருமை, அடுத்த பாட்டில் எப்போது வரும் என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.

பாண்டிச்செல்வி சாவகாசமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். மூச்சு ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு செல்வி?" என்றார் நல்லசாமி. குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவள் அந்த மலைகளை ஒரு சுற்று பார்த்தாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக. பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொன்னது சரிதாங்க. மலை, பனி, மாடு. எல்லாம் நம்மூரு மாதிரிதான். நீங்க பாத்ததுதான்."